ஆஸ்துமா மாத்திரையும் பாம்பே நோயும்: ஒரு துணை மருந்தின் கதை

1/
 

சல்பூட்டமால் மாத்திரை உங்க எல்லாருக்கும் தெரியும். வீசிங் வந்த குழந்தைக்குச் சிரப்பா, பெரியவங்களுக்கு மாத்திரையா, பம்ப்பா குடுக்கிற அதே மருந்துதான். எந்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனாலும் இருக்கும். மாத்திரையோட விலை சில்லறைக் காசு.

இன்னொரு பக்கம், ஒரு ஆளுக்கு வருஷத்துக்குப் பல லட்சம், எடை கூடினா கோடிக் கணக்குல செலவாகுற ஒரு மருந்து. அந்தக் கோடி ரூபாய் மருந்து சரியா வேலை செய்யணும்னா கூடவே இந்தச் சில்லறை மாத்திரையையும் குடுத்துப் பார்க்கலாமேன்னு ஒரு குழு யோசிச்சாங்க. சோதிச்சும் பார்த்தாங்க. ஏன் அப்படி யோசிச்சாங்க, என்ன ஆச்சு, நமக்கு அதுல என்ன இருக்கு? அதான் இன்னைக்குக் கதை.

2/
முதல்ல நோயோட பேர். பாம்பே நோய். பம்பாய்க்கும் இதுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்ல. பாம்பே பிளட் குரூப்னு ஒண்ணு இருக்கு, அது 1952-ல் நிஜமாவே பம்பாயில கண்டுபிடிச்சது. பயிற்சி மருத்துவர்கள்ல இருந்து நோயாளியோட மாமா வரைக்கும் பல பேர் இந்த ரெண்டையும் குழப்பிக்குவாங்க.

இந்த நோய்க்குப் பேர் வந்தது யோஹானஸ் காசியானுஸ் பாம்பே என்கிற டச்சு நோய்க்குறியியல் மருத்துவர்கிட்ட இருந்து. சவப் பரிசோதனை செய்யற டாக்டர். நாம பெருசா கொண்டாடாத துறை. ஆனா பல நோய்களோட முதல் அத்தியாயம் அந்த மேஜை மேலதான் எழுதப்பட்டிருக்கு.

3/
1930 டிசம்பர் கடைசி வாரம், ஆம்ஸ்டர்டாம். நிமோனியான்னு சொல்லி இறந்து போன ஏழு மாசப் பெண் குழந்தை ஒண்ணு பாம்பேகிட்ட வருது. திறந்து பார்த்தா இதயம் அந்த வயசுக்கு இருக்கவே கூடாத அளவு பெருசா வீங்கியிருக்கு. நுண்ணோக்கியில பார்த்தா இதயத் தசை வலை மாதிரி ஓட்டை ஓட்டையா தெரியுது. அந்த ஓட்டைகள்ல கிளைக்கோஜன் நிரம்பியிருக்கு. கிளைக்கோஜன்னா நம்ம உடம்பு சர்க்கரையைச் சேமிச்சு வைக்கிற வடிவம். இதயத்துல மட்டுமில்ல, கல்லீரல், தசைன்னு எங்க பார்த்தாலும் அதேதான்.

சும்மா "காரணம் தெரியாத இதய வீக்கம்"னு எழுதிட்டு ஃபைலை மூடாம, 1932-ல் அதை ஒரு தனி நோயா விவரிச்சு கட்டுரை வெளியிட்டார்.

4/
அவர் கதையோட முடிவையும் சொல்லிடறேன்.

இரண்டாம் உலகப்போர்ல நெதர்லாந்தை ஜெர்மனி பிடிச்சு வெச்சிருந்தப்போ, பாம்பே எதிர்ப்பு இயக்கத்துல சேர்ந்தார். அவரோட ஆய்வகத்துல ரகசியமா ஒரு ரேடியோ டிரான்ஸ்மிட்டரை வெச்சுக்க இடம் குடுத்தார். 1945 பிப்ரவரியில மாட்டிக்கிட்டார். எதிர்ப்பு இயக்கம் ஒரு ரயில் பாலத்தைத் தகர்த்ததுக்குப் பழிவாங்க, ஏப்ரல் 15-ஆம் தேதி மற்ற கைதிகளோட சேர்த்து அவரையும் சுட்டுக் கொன்னாங்க. நாடு விடுதலையாக அப்போ மூணு வாரம்தான் பாக்கி.

தன் பேர்ல இருக்கிற நோய்க்கு ஒரு நாள் மருந்து வரும்னு அவருக்குத் தெரிய வாய்ப்பே இல்ல.

5/
சரி, நோய் என்ன செய்யும்?

ரெண்டு முகம் இருக்கு. ஒண்ணு, குழந்தைப் பருவத்து வகை. பிறந்த சில மாசத்துலயே குழந்தை துணி பொம்மை மாதிரி தளர்ந்து கிடக்கும். தலை நிக்காது. பால் குடிக்கத் திணறும். இதயம் வீங்கும். அடிக்கடி சளி, நிமோனியா. சிகிச்சை இல்லன்னா பெரும்பாலான குழந்தைகள் முதல் பிறந்தநாளைப் பார்க்கிறதில்ல.

இன்னொண்ணு, தாமதமா வர்ற வகை. பத்து வயசுலயும் வரலாம், ஐம்பதுலயும் வரலாம். இதயம் பெரும்பாலும் தப்பிச்சுடும். இடுப்பு, தொடை, மூச்சு விடுற உதரவிதானம் இதெல்லாம் மெல்ல மெல்ல பலம் இழக்கும். தரையில உட்கார்ந்தா எழுந்திருக்க முடியாது. படுத்தா மூச்சு முட்டும். சில வருஷத்துல சக்கர நாற்காலி, ராத்திரி மூச்சுக் கருவி.

6/
இது பரம்பரை நோய். அப்பா கிட்ட ஒரு பழுதான ஜீன், அம்மா கிட்ட ஒரு பழுதான ஜீன். ரெண்டு பேருக்கும் எந்தத் தொந்தரவும் இருக்காது. ஆனா ஒவ்வொரு பிரசவத்துலயும் குழந்தைக்கு ரெண்டு பழுதும் சேர்ந்து போக நாலுல ஒரு பங்கு வாய்ப்பு.

உலக அளவுல சுமார் 40,000 பேர்ல ஒருத்தருக்குன்னு ரொம்ப நாளா சொல்லிட்டு வர்றாங்க. சொந்தத்துல கல்யாணம் பண்ணிக்கிற ஊர்கள்ல இந்த மாதிரி நோய்களுக்கு வாய்ப்பு கூடும். ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வுப்படி தமிழ்நாட்டுல கல்யாணமான பெண்கள்ல சுமார் 28 சதவீதம் பேர் சொந்தத்துல கட்டிக்கிட்டவங்க. இந்தியாவுலயே உச்சத்துல இருக்கோம். அத்தை பையனையோ தாய்மாமனையோ குறை சொல்ல இதைச் சொல்லல. "அரிய நோய்" நம்ம ஊர்ல அவ்வளவு அரிது இல்லன்னு புரிஞ்சுக்கத்தான்.

7/
இப்போ துப்பறியும் கதை. கிளைக்கோஜன் ஏன் தேங்குது?

நோபல் பரிசு வாங்கின கெர்ட்டி கோரி, 1950-களில் கிளைக்கோஜன் தேங்குற நோய்களை வகை பிரிச்சாங்க. பாம்பே நோய் இரண்டாம் வகை. ஆனா ஒரு புதிர். கிளைக்கோஜனை உடைக்கிற அன்னைக்குத் தெரிஞ்ச எல்லா என்சைமும் இந்தக் குழந்தைங்க கிட்ட சரியாவே இருந்துச்சு. எல்லா வேலையாளும் டூட்டியில இருக்காங்க, ஆனா வேலை நடக்கல.

1955-ல் பெல்ஜியத்துல கிறிஸ்டியன் டி டூவ் செல்லுக்குள்ள லைசோசோம்னு ஒரு குட்டிப் பையைக் கண்டுபிடிச்சார். செல்லோட குப்பைக் கிடங்கு மாதிரி. பழையதைக் கொண்டு வந்து போட்டு, அமிலத்துல கரைச்சு, திரும்ப உபயோகப்படுத்துற இடம். அவரோட அதே பல்கலைக்கழகத்துல இருந்த ஹென்றி-ஜெரி ஹெர்ஸ் 1963-ல் புதிரை உடைச்சார். காணாமப் போன என்சைம் அந்தக் கிடங்குக்குள்ள வேலை பார்க்கிற ஒண்ணு. பேர் அமில ஆல்ஃபா குளுக்கோசிடேஸ்.

8/
இது பாம்பே நோயோட மட்டும் முடியல. "லைசோசோம் பழுதானா நோய் வரும்"னு உலகத்துக்குக் காட்டின முதல் நோய் இதுதான். இன்னைக்கு அந்தக் குடும்பத்துல காஷே, ஃபாப்ரி, ஹர்லர்னு ஐம்பதுக்கு மேல நோய்கள் இருக்கு.

சென்னைக்காரங்களுக்குச் சுலபமா புரியும். தெருத் தெருவா குப்பை வண்டி ஒழுங்கா வருது. அள்ளிக்கிட்டுப் போய் கிடங்குல கொட்டுது. ஆனா கிடங்குல பிரிக்கிற ஆள் ஒருத்தர் வரவே இல்ல. முதல் வாரம் தெரியாது. ஆறு மாசத்துல கிடங்கு நிரம்பி, மதில் உடைஞ்சு, குப்பை ரோட்டுக்கு வந்துடும். தசைச் செல்லுக்குள்ள நடக்கிறது அச்சு அசலா இதுதான்.

9/
என்சைம் இல்லன்னா, வெளியில இருந்து குடுத்துட்டா? 1960-களிலேயே முயற்சி பண்ணாங்க. அஸ்பெர்ஜில்லஸ் நைஜர்னு ஒரு கருப்புப் பூஞ்சை. அதுல இருந்து எடுத்த என்சைமைக் குழந்தைகளுக்கு ஊசியா போட்டாங்க. பலன் இல்ல. பூஞ்சைப் புரதத்தை உடம்பு எதிரியா பார்த்து எதிர்த்துச்சு. போன என்சைமும் கல்லீரலைத் தாண்டித் தசைக்குப் போய்ச் சேரல.

யோசனை சரி, முகவரி தப்பு.

10/
அந்த முகவரியைக் கண்டுபிடிக்க 1970-கள் ஆச்சு. எலிசபெத் நியூஃபெல்ட், வில்லியம் ஸ்லை மாதிரி ஆய்வாளர்கள் வேலையில இருந்து தெரிஞ்சது இது: லைசோசோமுக்குப் போக வேண்டிய என்சைம் மேல மேனோஸ்-6-பாஸ்பேட்னு ஒரு சின்ன சர்க்கரை முத்திரை இருக்கும். செல்லோட சுவர்ல அந்த முத்திரையைப் படிச்சு உள்ளே இழுத்துக்கிற வாசல் இருக்கும். வாசலுக்கு ரிசெப்டர்னு பேர்.

பின்கோடுதான். 600035-னு எழுதினா பார்சல் நந்தனத்துக்கு வந்துடும். பின்கோடு இல்லாத பார்சல் எங்கேயோ ஒரு குடோன்ல கிடக்கும். பூஞ்சை என்சைம்ல பின்கோடு இல்ல. இந்தக் கதையில பின்கோடும் வாசலும் முக்கியம், ஞாபகம் வெச்சுக்கோங்க. துணை மருந்தோட வேலையே அந்த வாசல்லதான்.

11/
1990-களில் வேகம் பிடிச்சது. மனித ஜீனை வேற செல்லுல வெச்சு, பின்கோடோட என்சைம் தயாரிக்கணும். ரெண்டு அணி.

அமெரிக்காவுல டியூக் பல்கலைக்கழகத்துல ஒய்.டி. சென் அணி, சீன வெள்ளெலியோட செல்லுல என்சைமைத் தயாரிச்சாங்க. ஜப்பான்ல இதே குறைபாடோட பிறக்கிற காடை இனம் ஒண்ணு உண்டு. சிறகை விரிச்சுத் திரும்ப எழுந்து நிக்க முடியாத காடைகள். அதுங்களுக்கு இந்த என்சைமைப் போட்டப்போ தசை தேறிச்சு. 1998-ல் அந்தக் கட்டுரை வந்துச்சு.

நெதர்லாந்துல ஆன்ஸ் வான் டெர் ப்ளூக், அர்னால்ட் ராய்சர் அணி இன்னும் வினோதமான வழியில போனாங்க. முயல் பால். ஜீன் மாற்றின முயலோட பால்ல என்சைம் சுரக்க வெச்சு, அதைப் பிரிச்சு, 1999-ல் ராட்டர்டாம்ல நாலு கைக்குழந்தைகளுக்குக் குடுத்தாங்க. இதயம் சுருங்க ஆரம்பிச்சது. பாம்பே பார்த்த அந்த வீங்கின இதயம், கிட்டத்தட்ட 70 வருஷம் கழிச்சு, முதல் தடவையா திரும்பி வந்துச்சு.

12/
நடுவுல ஒரு அப்பா வர்றார். ஜான் க்ரௌலி. அமெரிக்காவுல மார்க்கெட்டிங் வேலையில இருந்தவர். 1998-ல் ரெண்டு குழந்தைக்கும் பாம்பே நோய்னு தெரியுது. வேலையை விட்டுட்டு ஒரு சின்ன பயோடெக் கம்பெனிக்குத் தலைவரானார். பின்கோடு அதிகமா இருக்கிற என்சைம் செய்யணும் என்பது அந்தக் கம்பெனியோட யோசனை. 2001-ல் ஜென்சைம் அதை வாங்கிடுச்சு.

ஜென்சைம் கைல இருந்த நாலு என்சைம்களை ஒண்ணுக்கொண்ணு மோத விட்டுப் பார்த்தப்போ க்ரௌலி கம்பெனியோடது ஜெயிக்கல. ஆனா வேலை வேகமா நடந்துச்சு, அவர் குழந்தைகளுக்கும் மருந்து கிடைச்சது. மும்பையில வளர்ந்த பத்திரிகையாளர் கீதா ஆனந்த் இதைப் புத்தகமா எழுதினாங்க. 2010-ல் ஹாரிசன் ஃபோர்டு நடிச்ச படமாவும் வந்துச்சு. க்ரௌலியை இங்கேயே விட்டுடாதீங்க, திரும்ப வருவார்.

13/
கைக்குழந்தைகளுக்கான முக்கியமான ட்ரையல். ஆறு மாச வயசுக்குள்ள மருந்து ஆரம்பிச்ச 18 குழந்தைகள். கட்டுரையோட முதல் பேர், இந்தியாவுல மருத்துவம் படிச்சு டியூக் போன பிரியா கிஷ்னானி. முடிவு: 18 மாச வயசுல 18 பேரும் உயிரோட இருந்தாங்க. ஒரு வயசைத் தாண்டவே போராடுற நோய்ல இந்த எண்ணை மறுபடி படிச்சுப் பாருங்க.

2006-ல் ஐரோப்பாவும் அமெரிக்காவும் மயோசைமுக்கு அனுமதி குடுத்தாங்க. பாம்பே கட்டுரை எழுதி 74 வருஷம். கிலோவுக்கு 20 மில்லிகிராம், ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை, டிரிப்ஸ்ல, வாழ்நாள் முழுக்க.

14/
பெரியவங்களுக்கு? 90 பேரை வெச்சு 78 வாரம் ட்ரையல். மூணுல ரெண்டு பங்கு பேருக்கு மருந்து, ஒரு பங்கு பேருக்கு டம்மி. யாருக்கு எதுன்னு டாக்டருக்கும் தெரியாது, நோயாளிக்கும் தெரியாது. அளவுகோல், ஆறு நிமிஷத்துல எவ்வளவு தூரம் நடக்கிறாங்க. ஆரம்பத்துல சராசரியா 330 மீட்டர் பக்கம் நடந்தாங்க. முடிவுல மருந்து எடுத்தவங்களுக்கும் டம்மி எடுத்தவங்களுக்கும் வித்தியாசம் 28 மீட்டர். 2010-ல் முடிவு வெளியாச்சு.

28 மீட்டர்னா என்ன? நந்தனம் சிக்னல்ல அண்ணா சாலையை ஒரு ஓரத்துல இருந்து மறு ஓரத்துக்குக் கடக்கிற தூரம்னு தோராயமா வெச்சுக்கோங்க. கடக்க முடிஞ்சவனுக்கு அது ஒண்ணுமே இல்ல. நடுவுல மீடியன்ல நின்னு போறவனுக்கு அதுதான் எல்லாம். ஆனா இத்தனை விலைக்கு 28 மீட்டர்தானான்னு கேள்வி வந்துச்சு. சில வருஷம் கழிச்சு அந்தப் பலனும் பலருக்கு மெல்லக் கரைய ஆரம்பிச்சது.

15/
ஏன் கரையுது? பல காரணம். உடம்பு மருந்துக்கு எதிரா ஆன்டிபாடி உருவாக்கும். ஏற்கெனவே அழிஞ்ச தசை திரும்ப வராது. மூணாவது, நம்ம வாசல்.

அந்தப் பின்கோடைப் படிக்கிற வாசல் தசைச் செல்லுல ரொம்பக் கம்மி. கல்லீரல்ல தாராளம். அதனால ரத்தத்துல ஏத்துற என்சைம்ல பெரும்பகுதியைக் கல்லீரல் வாரிக்கிட்டுப் போயிடும். தசைக்கு மிச்சம் மீதி. டோஸ் இவ்வளவு அதிகமா வைக்க வேண்டியிருக்கிறதும் அதனாலதான். கிலோவுக்கு 20 மில்லிகிராம் என்பது இந்தக் குடும்பத்து மற்ற நோய்களுக்குக் குடுக்கிற என்சைம் அளவைவிடப் பல மடங்கு.

ஆக, நம்ம கையில ரெண்டு வழி. மருந்தைக் கூட்டிக்கிட்டே போகலாம். இல்லன்னா தசையில வாசலைக் கூட்டலாம்.

16/
இங்கதான் டியூக்ல ட்வைட் கோபெர்ல் குழு வருது. பீட்டா-2 வகை மருந்துகள் தசையை வளர்க்கும்னு ஏற்கெனவே தெரியும். கூடவே அந்த மேனோஸ்-6-பாஸ்பேட் வாசலோட எண்ணிக்கையும் கூடுதான்னு எலியில பார்த்தாங்க. கூடிச்சு. என்சைமோட க்ளென்பூட்டரால் சேர்த்துக் குடுத்த எலிகள்ல தசைக் கிளைக்கோஜன் நல்லாவே குறைஞ்சது.

க்ளென்பூட்டரால் பேர் கேள்விப்பட்டிருப்பீங்க. விளையாட்டுல தடை செய்யப்பட்ட மருந்து. சைக்கிள் வீரர் கான்டடோர் கிட்ட இருந்து 2010 டூர் டி ஃபிரான்ஸ் பட்டம் பறிபோனது இதனாலதான். அதோட சாதுவான சொந்தக்காரன்தான் நம்ம சல்பூட்டமால்.

17/
சல்பூட்டமால் 1966-ல் இங்கிலாந்துல டேவிட் ஜாக் குழு உருவாக்கினது. 1969-ல் சந்தைக்கு வந்துச்சு. பேடன்ட் எல்லாம் எப்பவோ முடிஞ்சாச்சு. குழந்தை நரம்பியல் டாக்டர்களுக்கு இதைத் தசை நோய்ல உபயோகிக்கிறது புதுசு இல்ல. பிறவியிலேயே வர்ற சில மயஸ்தீனியா வகைகள்ல சல்பூட்டமால் மாத்திரை நிஜமாவே வேலை செய்யும்.

கோபெர்ல் குழு என்சைம் எடுத்துட்டிருந்த பெரியவங்களுக்கு இதைத் துணை மருந்தா குடுத்துப் பார்த்தாங்க. அப்புறம் க்ளென்பூட்டராலை டம்மி மாத்திரையோட ஒப்பிட்டு ஒரு வருஷ ட்ரையல், 2018-ல் வெளியாச்சு. தசையில கிளைக்கோஜன் குறைஞ்சது. சில தசை அளவுகள் தேறிச்சு. நம்பிக்கை தர்ற முடிவுதான்.

ஆனா பங்கேற்றவங்க இருபது பேர்கூட இல்ல. அதை மறக்கக் கூடாது.

18/
ஏன் மறக்கக் கூடாதுன்னா, இதே மருந்துக்கு ஒரு பழைய பாடம் இருக்கு. முகமும் தோள்பட்டையும் பலமிழக்கிற இன்னொரு பரம்பரைத் தசைச் சிதைவு நோய் உண்டு. அதுல முதல்ல சின்ன அளவுல சல்பூட்டமால் குடுத்துப் பார்த்தப்போ நல்லா தெரிஞ்சது. அப்புறம் 90 பேரை வெச்சு, ஒரு வருஷம், டம்மியோட ஒப்பிட்டு முறையா பண்ணாங்க. 2001-ல் முடிவு: தசையோட அளவு கூடிச்சு, ஆனா மொத்தப் பலம் கூடல.

சின்ன ட்ரையல் ஒரு வாசலைத் தட்டிப் பார்க்கிற மாதிரி. உள்ள ஆள் இருக்கான்னு தெரியும். வீடு நமக்குத்தானான்னு தெரியாது.

19/
சரி, அப்போ பாம்பே நோய்ல பெரிய ட்ரையல் ஏன் நடக்கல?

நோயாளிகள் கம்மி, உலகம் முழுக்கச் சிதறிக் கிடக்காங்க என்பது ஒரு காரணம். அடுத்த காரணம் பணம். ஒரு பெரிய ட்ரையலுக்குப் பல கோடி ஆகும். சில்லறைக் காசு மாத்திரைக்கு அந்தக் கோடியை யார் போடுவாங்க? ஜெயிச்சாலும் போட்ட பணம் திரும்ப வராது. இதுல சதி எதுவும் இல்ல. கணக்கு அப்படி. பேடன்ட் முடிஞ்ச மருந்துக்கு அப்பா அம்மா கிடையாது, அரசாங்கம்தான் தத்தெடுக்கணும்.

20/
பேடன்ட் இருக்கிற துணை மருந்துக்கு என்ன ஆச்சுன்னு பாருங்க. க்ரௌலி திரும்ப வர்றார்.

அவர் அப்புறம் அமிக்கஸ்னு இன்னொரு கம்பெனிக்குத் தலைவரானார். அங்க புது என்சைம் ஒண்ணு செஞ்சாங்க, பின்கோடு அதிகமா ஒட்டினது. கூடவே மிக்லுஸ்டாட்னு ஒரு காப்ஸ்யூல். இது காஷே நோய்க்கு ஏற்கெனவே வந்த மருந்து. இங்க வேலை வேற. என்சைம் அமிலத்துல வாழப் பிறந்தது. ரத்தத்துல அமிலம் இல்லாததால தசைக்குப் போற வழியிலேயே குலைஞ்சு போகும். டிரிப்ஸுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி காப்ஸ்யூலை முழுங்கினா, அது என்சைமைப் பிடிச்சு நிலையா வெச்சுக்கும். வெயில்ல ஐஸ்கிரீம் கொண்டு போறப்போ தெர்மாகோல் பெட்டி மாதிரி.

21/
123 பேர், 52 வாரம். புது என்சைமும் காப்ஸ்யூலும் ஒரு பக்கம், பழைய என்சைமும் டம்மி காப்ஸ்யூலும் இன்னொரு பக்கம். 2021-ல் முடிவு வந்துச்சு. ஆறு நிமிஷ நடையில வித்தியாசம் 13.6 மீட்டர். பி மதிப்பு 0.07.

அதுக்கு அர்த்தம்: ரெண்டு சிகிச்சைக்கும் நிஜத்துல வித்தியாசமே இல்லன்னு வெச்சுக்கிட்டாலும், இந்த அளவுக்கோ இதைவிட அதிகமாவோ வித்தியாசம் தற்செயலா வர நூறுல ஏழு வாய்ப்பு இருக்கு. நாம வழக்கமா ஏத்துக்கிறது நூறுல அஞ்சு. ஆக, முதன்மை இலக்குல ட்ரையல் தேறல. ஏற்கெனவே பழைய மருந்துல இருந்தவங்களை மட்டும் தனியா பார்த்தப்போ வித்தியாசம் 17 மீட்டர் பக்கம் இருந்துச்சு. 2023-ல் ஐரோப்பாவும் அமெரிக்காவும் அனுமதி குடுத்துட்டாங்க. அமெரிக்காவுல, இருக்கிற என்சைம்ல முன்னேற்றம் இல்லாத பெரியவங்களுக்கு மட்டும்.

22/
ஒரு விஷயம் கவனிச்சீங்களா? இந்த ட்ரையல்ல ரெண்டு பொருள் ஒரே நேரத்துல மாறிச்சு. என்சைமும் புதுசு, காப்ஸ்யூலும் புதுசு. குழம்புல புளியையும் மாத்தி மிளகாயையும் மாத்தினா, ருசி எதனால வந்துச்சுன்னு சொல்ல முடியாது. துணை மருந்து மட்டும் எவ்வளவு சேர்த்துச்சுன்னு இந்த ட்ரையலை வெச்சுச் சொல்ல வழி இல்ல.

நான் இதைக் குறையா மட்டும் சொல்லல. இந்த நோய்க்கு 123 பேரைச் சேர்க்கிறதே பெரிய சாதனை. அரிய நோய்ல பூரணமான ஆதாரத்துக்குக் காத்திருந்தா நோயாளி காத்திருக்க மாட்டார். ஆனா பணம் இருந்த துணை மருந்துக்கு இலக்கைத் தொடாமலேயே அனுமதி வந்துச்சு. பணம் இல்லாத துணை மருந்துக்கு இலக்கு வரைக்கும் ஓடவே வாய்ப்பு வரல. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்க்கணும்.

23/
இப்போ நம்ம ஊர். 2014 ஏப்ரல்ல டெல்லி உயர்நீதிமன்றத்துல ஒரு ரிக்‌ஷா தொழிலாளியோட மகன் வழக்கு. அவனுக்குக் காஷே நோய். "காசில்ல"ன்னு சொல்லி அரசு கையை விரிக்க முடியாதுன்னு நீதிமன்றம் சொல்லிச்சு. அந்த மாதிரி வழக்குகள், பெங்களூர்ல பாம்பே குழந்தையோட அப்பாவும் சேர்ந்து தொடங்கின ஓ.ஆர்.டி.ஐ. மாதிரி பெற்றோர் அமைப்புகள், எல்லாம் சேர்ந்து தள்ளினதுலதான் 2021 மார்ச்ல தேசிய அரிய நோய்க் கொள்கை வந்துச்சு. அதுல பாம்பே நோய் 3-ஏ பிரிவு. அதாவது, மருந்து இருக்கு, பலனுக்கு ஆதாரம் இருக்கு, ஆனா விலை மிக அதிகம், வாழ்நாள் முழுக்க வேணும்.

2022 மே-ல இருந்து ஒரு நோயாளிக்கு 50 லட்சம் வரைக்கும் உதவி. குறிப்பிட்ட உயர் சிறப்பு மையங்கள் வழியா. சென்னையில எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை அதுல ஒண்ணு.

24/
ஒரு கணக்கு போடலாம். ஒரு குப்பியில 50 மில்லிகிராம். 10 கிலோ குழந்தைக்கு ஒரு தடவைக்கு 200 மில்லிகிராம், அதாவது 4 குப்பி. வருஷத்துக்கு 26 தடவை, 104 குப்பி. அதே குழந்தை வளர்ந்து 30 கிலோ ஆனா 312 குப்பி. 60 கிலோ ஆளா நின்னா 624 குப்பி.

உதவி 50 லட்சத்துல நிக்குது. குழந்தை நிக்காம வளருது. எந்த அம்மாவும் குழந்தை எடை கூடினா சந்தோஷப்படுவாங்க. இந்த வீடுகள்ல எடை மெஷின்ல முள் நகர்றப்போ ஒரு பயமும் சேர்ந்து நகரும்.

25/
துணை மருந்துக் கேள்வி அமெரிக்காவைவிட நமக்கு முக்கியம்னு நான் நினைக்கிறது இதனாலதான். ஏத்துற ஒவ்வொரு குப்பியிலயும் கூடுதலா கொஞ்சம் தசைக்குப் போய்ச் சேர்ந்தா, அந்த 50 லட்சத்துக்கு மதிப்பு கூடும். நடந்தா. அதை நிரூபிக்கணும்.

நம்ம நாட்டுல உயர் சிறப்பு மையங்கள் இருக்கு, அங்க நோயாளிகள் பதிவு இருக்கு, மாத்திரை நம்ம மருந்துக் கிடங்குலயே இருக்கு. பல மையங்கள் சேர்ந்து, ஒரே விதிமுறையில, அரசுப் பணத்துல ஒரு ட்ரையல் நடத்தினா உலகத்துக்கே பதில் சொல்லலாம். ஒரே நோயாளிக்குச் சில மாசம் மாத்திரை, சில மாசம் டம்மின்னு மாத்தி மாத்திக் குடுக்கிற முறையில, கம்மியான ஆட்களை வெச்சே நல்ல பதில் கிடைக்கும். கம்பெனிக்கு லாபம் இல்லாத கேள்விக்குப் பதில் தேட வேண்டியது அரசாங்கத்தோட வேலை.

26/
ஆனா தயவுசெஞ்சு கவனிங்க. இந்த த்ரெட்டைப் படிச்சுட்டு யாரும் சல்பூட்டமால் மாத்திரையைத் தானா ஆரம்பிக்கக் கூடாது. கை நடுக்கம், படபடப்பு, ரத்தத்துல பொட்டாசியம் குறையுறது, தசைப் பிடிப்பு எல்லாம் வரும். கைக்குழந்தை வகையில இதயம் ஏற்கெனவே வீங்கியிருக்கும், அங்க இது ஆபத்து. என்சைம் எடுக்காதவங்களுக்கு வாசலை மட்டும் திறந்து வெச்சு என்ன பிரயோஜனம்? பார்சலே வரலையே.

ஜிம்ல "க்ளென்"னு விக்கிறதை வாங்கி முழுங்குற தம்பிகளுக்கும் சேர்த்துத்தான் சொல்றேன். அது விளையாட்டு இல்ல.

27/
கடைசியா, பெற்றோருக்கும் சக மருத்துவர்களுக்கும்.

• தளர்ந்து கிடக்கிற குழந்தை, எக்ஸ்ரேயில பெரிய இதயம், திரும்பத் திரும்ப நிமோனியா: இந்த மூணும் சேர்ந்தா பாம்பே ஞாபகம் வரணும்.
• எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. கூடியிருந்தா உடனே மஞ்சள் காமாலைன்னு கீழாநெல்லி பக்கம் போகாதீங்க. இந்த ரெண்டும் தசையில இருந்தும் வரும். பிலிருபின் சரியா இருந்தா ஒரு சி.பி.கே. பாருங்க.
• பெரியவங்களுக்கு: தரையில இருந்து எழ முடியல, படுத்தா மூச்சு முட்டுது, காலையில தலைவலி. ஆஸ்துமா, மூட்டுவலின்னு வருஷக் கணக்குல சுத்தாம நரம்பியல் டாக்டரைப் பாருங்க.
• முதல் கட்டப் பரிசோதனைக்கு வடிகட்டித் தாள்ல காய வெச்ச ஒரு சொட்டு ரத்தம் போதும். தைவான்ல 2005-ல் இருந்து பிறந்த குழந்தைகளுக்கே இதைச் செய்யறாங்க. சீக்கிரம் பிடிச்ச குழந்தைகள் நடந்து போறாங்க.
• வீட்டுல ஏற்கெனவே ஒரு குழந்தை இப்படி இறந்திருந்தா, அடுத்த கர்ப்பத்துக்கு முன்னாடியே மரபணு ஆலோசனை. 2021-ல் கனடாவுல தாயோட வயித்துல இருக்கும்போதே என்சைம் குடுத்துக் குழந்தையைப் பிறக்க வெச்சிருக்காங்க.

28/
1930-ல் ஒரு டாக்டர் "நிமோனியா"ன்னு எழுதியிருந்த ஒரு குழந்தையைத் திறந்து பார்த்துட்டு, இல்ல, இது வேறன்னு சொன்னார். அந்தச் சந்தேகத்துல இருந்துதான் இத்தனையும் வந்துச்சு. இன்னைக்கும் நம்ம வார்டுகள்ல "நிமோனியா"ன்னே ஃபைல் மூடுற குழந்தைகள்ல இப்படி எத்தனை பேர் போயிருப்பாங்கன்னு யாருக்கும் கணக்கு இல்ல.

துணை மருந்து வேலை செய்யுமா என்கிற கேள்வி அப்புறம். முதல்ல அந்தக் குழந்தையைக் கண்டுபிடிக்கணும்.

 சந்தேகம் இருந்தா கீழ கேளுங்க, டூட்டி முடிச்சுட்டு வந்து ஒவ்வொண்ணா பதில் சொல்றேன். ரிப்போர்ட்டுல பேர், போன் நம்பர் எல்லாம் மறைச்சுட்டு மட்டும் போடுங்க.